பந்துக்கு முளைத்த சீப்புப் பல்

வீடியோவை நிறுத்திப் பார்த்தால் பந்துக்குச் சீப்பு போலப் பல் முளைத்திருந்தது. ஓடவிட்டால் உருண்டையாக, ஒழுங்காகத்தான் போகிறது. மகள் பந்தை மேலே வீசி மட்டையால் அடிக்கும் கணத்தில் வீடியோவை நிறுத்தினால் மட்டும் ஒரு பந்து இரண்டாகி, இரண்டும் கோடு கோடாகக் கிழிந்து, கை எது மட்டை எது என்றே தெரியாமல் போகிறது.

மகளுக்குத் தெரிந்தாக வேண்டியதோ அந்தக் கணம்தான். போன டேபிள் டென்னிஸ் ஆட்டத்தில், சர்வீஸ் போடும்போது இடது கை எதிராளிக்குப் பந்தை மறைக்கிறது என்று நடுவர் அவளுடைய புள்ளிகளைப் பறித்துவிட்டார். இல்லவே இல்லை என்று அவள் சாதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. மறைக்கிறதா என்று பார்த்தால்தானே திருத்த முடியும்?

"அப்பா, ஹெச்டின்னு சொல்லித்தானே வாங்குனீங்க?"

அப்பா மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கேமரா வாங்கும் முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்தவர். கடையில் கண் பரிசோதனை சார்ட்டை மாட்டி, எதிரே தன்னுடைய பழைய டேப் கேமராவையும் மச்சினனிடம் இரவல் வாங்கிய மெமரி கார்டு கேமராவையும் நிறுத்தி, கண் சோதிக்க வருகிறவர்களைப் போலவே இரண்டையும் சோதித்தார். இரண்டுமே கடைசி வரிவரை படித்தன. கார்டு கேமரா ஒரு எழுத்து கூடுதலாகப் படித்ததால் அதே ரகத்தில் புதிதாக ஒன்று வீட்டுக்கு வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத சோதனை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. வேறு யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று யோசித்திருக்கலாம்.

"ஒண்ணுமில்லம்மா, படத்தை மடிச்சுச் சேமிக்கிறதுல வர்ற கோளாறு," என்றார் இப்போது. விளக்கம் சொல்வதென்றால் அவருக்குத் தனி உற்சாகம். "ஒரே துணிமணின்னு வெச்சுக்க. டேப் கேமரா சும்மா மடிச்சுப் பெட்டியில அடுக்கும். கார்டு கேமரா உருட்டி, அழுத்தி, சின்னப் பையில திணிச்சிடும். அந்த அழுத்தத்துல பந்து கசங்கியிருக்கு."

கேட்க நன்றாக இருந்தது. டேப் கேமராவில் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பல் அங்கேயும் முளைத்திருந்தது, ஒன்றுகூடக் குறையாமல்.

"இந்தக் கடைக் கணினியோட திரைதான் சரியில்ல போலிருக்கு," என்றார்.

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி. கடைக் கணக்கு, கடைச் சாவி, கடைக்காரர் மூன்றும் அவள் பொறுப்பு. "ஏங்க, உங்க சார்ட்டை ரெண்டும் நல்லாத்தானே படிச்சுது?"

"கடைசி வரி வரைக்கும்!"

"சார்ட் ஓடிச்சா?"

"சார்ட் எப்படிடி ஓடும்?"

"பந்து ஓடுதுல்ல?"

கடைக்காரர் சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இதைப் பிடிச்சுக்கிட்டுக் குறுக்கே ஒரு ஓட்டம் ஓடேன்."

"நல்லாயிருக்கே! நீங்க ஓடுங்க, நான் எடுக்கறேன்."

ஓடினார். சார்ட்டை மார்போடு அணைத்தபடி, கண்ணாடி அலமாரிக்கும் நாற்காலிக்கும் இடையே. பாதி ஓட்டத்தில் கதவைத் திறந்த வாடிக்கையாளர் ஒருவர், "இனிமே துரத்திக்கிட்டேதான் படிக்கணுமா?" என்று கேட்டார்.

நிறுத்திய படத்தைப் பெரிதாக்கியபோது விஷயம் வெளியே வந்தது. திரையில் தெரியும் படம் மெல்லிய கிடைக்கோடுகளின் அடுக்கு. எழுத்தின் ஒற்றைப்படைக் கோடுகள் ஓரிடத்தில்; இரட்டைப்படைக் கோடுகள் சற்றுத் தள்ளி. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் கிழியாத முழு எழுத்து.

கேமரா முழுப் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று பாதிக் கோடுகள். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மீதிப் பாதி. நிறுத்தும்போது கணினி இரண்டு பாதிகளையும் ஒன்றாகத் தைத்துவிடுகிறது. சார்ட் அசையாது, தையல் தெரியாது. பந்து அதற்குள் நகர்ந்துவிடும். தையல் பல்லாகத் தெரியும். டேப்பும் கார்டும் மடிப்பதில்தான் வேறு. பாதி பாதியாக எடுப்பதில் இரண்டும் ஒன்று. ஒரு மாத ஆராய்ச்சியில் அவர் நகராத ஒன்றை மட்டுமே படம் பிடித்திருந்தார்.

சர்வீஸ் வீடியோவையும் அப்படிப் பாதிகளாகப் பிரித்து ஓடவிட்டபோது மகள் திரையருகே குனிந்தாள். பந்து உருண்டையாக இறங்கியது. அதற்கு முன்னால், சாதுவாக, அவள் இடது முழங்கை.

"அடச்சே. நடுவர் சொன்னது சரிதான்."

"கேமராவும் சரிதான்," என்றார் அப்பா.

"நீங்க மட்டும்தான் பாக்கி," என்றாள் மனைவி.

மறுநாள் பயிற்சியில், பந்து உள்ளங்கையை விட்டு எழும்பியவுடனே மகள் இடது கையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டாள். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மட்டை தொடும்வரை பந்துக்கு முன்னால் எதுவுமே இல்லை. பார்த்த முறை இதுதான்: வீடியோ பிளேயரில் இரு பாதிகளையும் தைக்காமல் தனித்தனிப் படமாகக் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு படமாக நகர்த்த வேண்டும். ஒரு படத்தில் கோடுகள் பாதிதான் என்பதால் தெளிவு சற்றுக் குறையும். ஆனால் பந்து முழுசாக இருக்கும், நொடிக்கு இருபத்தைந்துக்குப் பதில் ஐம்பது படங்கள் கிடைக்கும்.