மூன்றாவது டைவிங் கடை

விடுமுறையின் முதல் நாளே மனைவி அவரைக் கடை கடையாக ஏறி இறங்க வைத்தாள். எல்லாமே கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவிங் கடைகள். முதல் இரண்டிலும், "டைவ் கம்ப்யூட்டரைக் கழட்டி வச்சிடுங்க சார். எங்க ஆள் கைகாட்டினா எல்லாரும் ஒண்ணா மேல வரணும்" என்றார்கள்.

இறங்கிய ஆழத்துக்கு இன்னும் எத்தனை நிமிடம் பத்திரமாக இருக்கலாம் என்று சொல்லும் அந்தக் கருவியை மனைவிதான் வாங்கிக் கொடுத்திருந்தாள். போன வருடம் அளவுக்கு மீறி ஆழத்தில் இருந்துவிட்டு, தோள்வலியோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

"ஏதோ ஒண்ணுல போவோம்மா. கால் கெஞ்சுது."

"கெஞ்சட்டும். நான் இன்னொரு தடவை டாக்டர்கிட்ட கெஞ்ச மாட்டேன்."

மூன்றாவது கடைக்காரம்மா அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியைப் பார்த்தார். "இது இல்லாம வந்தாத்தான் படகுல ஏத்த மாட்டேன். அவங்கவங்க கம்ப்யூட்டர் சொல்றபடி ஜோடியா மேல வந்துடுங்க."

மறுநாள் கடலடியில் ஓர் ஆமையைக் கண்ட ஆசையில் அவர் மட்டும் அதன் பின்னாலேயே ஆழத்துக்குப் போய்விட்டார். திரும்பியபோது கருவியில் அவருக்கு மூன்றே நிமிடம் பாக்கி. மற்றவர்களுக்குப் பதினைந்து. வெட்கத்தோடு மணிக்கட்டை நீட்டினார். வழிகாட்டி தலையசைத்து மேலே கைகாட்டினார். மனைவியும் கூடவே நிதானமாக ஏறினாள்.

படகில் முதல் கேள்வியே, "தோள் வலிக்குதா?"

"துளிகூட இல்ல. நல்லவேளை, நேத்து நான் சொன்னதை நீ கேக்கல." அவளுடைய ஈரக்கையை இறுகப் பற்றிக்கொண்டார். "நாளைக்கு நீ முன்னால போ. உன்னைத் தாண்டி ஒரு சாண்கூட இறங்க மாட்டேன்."

"இதைக் கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்கலாம்" என்று சிரித்தாள் மனைவி.