அரை இறுதிக்கு ஒரு ரசிகர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதைவிட அது மேல். உப்பளம் நண்பர்கள் கூடைப்பந்துக் கழகத்தில் நான் ஒன்பது வருஷம் பத்தாவது ஆள். ஆடுகிறவர்கள் ஐந்து பேர், பெஞ்சில் ஐந்து பேர். பெஞ்சில் கடைசி நான். கலியபெருமாள் என்ற எங்கள் ஒரே ரசிகர் எல்லார் பெயரையும் சொல்லிக் கத்துவார். என் பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது. "தம்பி, கொஞ்சம் நவுரு, மறைக்குது" என்பார்.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். 'கடற்காற்று வீசும் ஓர் ஏப்ரல் மாலையில்' – இல்லை. பாண்டிச்சேரிக் கதை என்றால் கடற்காற்று வீசியே ஆகவேண்டுமா? 'வீரத்துக்கு வயது கிடையாது என்பதை உலகுக்கு' – இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீரத்துக்கு வயது உண்டு. எங்கள் அணியின் சராசரி வயது நாற்பத்தொன்று.

ஆகவே நேராகவே ஆரம்பிக்கிறேன். 1984. நாங்கள் அரை இறுதிக்குப் போய்விட்டோம்.

2

எப்படிப் போனோம் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். கால் இறுதியில் எதிரணி வரவில்லை. கல்லூரிப் பையன்கள், அவர்களுக்குப் பரீட்சை. நாங்கள் ஒரு மணி நேரம் மைதானத்தில் நின்று, வராதவர்களை வென்றோம்.

கலியபெருமாள் அதை இப்படிச் சொன்னார்: "பயந்துட்டானுங்க."

இவர் நெல்லித்தோப்பில் ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டர். பந்தைத் தரையில் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. ஆனால் எங்கள் அணி கழித்துப்போட்ட பச்சை பனியனைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, ஊசி போட வந்தவர்களிடமெல்லாம் அரை இறுதி பற்றிப் பேசினார். எதிரணி உழவர்கரை இளைஞர்கள், மூத்தவனுக்கு இருபத்திரண்டு. "அவனுங்களுக்குக் காலு இருக்குது, நம்மளுக்கு மூளை இருக்குது. அனுபவம்யா, அனுபவம்!" என்று சொல்லிக்கொண்டே ஊசியை இறக்குவார். நோயாளி கத்துவது ஆமோதிப்பு மாதிரிக் கேட்கும்.

(அவரை இவ்வளவு கிண்டல் செய்வது நியாயமா என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. அதை அடித்துவிட்டுத் தொடர்கிறேன்.)

அவருடைய நம்பிக்கை முழுவதும் எங்கள் கேப்டன் பலராமன்மேல்தான். வயது நாற்பத்து மூன்று. மில்லில் தறி ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் பாதி மைதானத்திலிருந்து கூடையில் போடுவார். இப்போது அந்தக் காலத்தைப் பற்றிப் பாதி மைதானத்தில் நின்று பேசுவார்.

3

இந்தப் பகுதியை மூன்று முறை கிழித்தேன். கலியபெருமாள் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் நடந்தது இதுதான்.

திங்கட்கிழமை பலராமன் மூச்சு வாங்குகிறது என்று அந்த டாக்டரிடம் போனார். டாக்டர் பிரஷர் பார்த்தார். சரியாகத்தான் பார்த்தோமா என்று திரும்பவும் பார்த்தார். மாத்திரை எழுதிக்கொடுத்து பலராமனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"இந்த ஆளு ஓடவே கூடாது. ஒரு மாசம் விளையாட்டுப் பேச்சே வேணாம். இவர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு. நீ வூட்ல போய் அவரு சம்சாரத்துகிட்ட சொல்லிடு."

கலியபெருமாள் போனார். மாத்திரையும் கையுமாக, பச்சை பனியனோடு. பலராமனின் மனைவி செல்வாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "டாக்டர் இன்னா சொன்னாரு தம்பி?"

அரை இறுதி சனிக்கிழமை. இடையில் நான்கே நாட்கள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சத்து மாத்திரை. காலையில ஒண்ணு."

(இந்த இடத்தில் அவரை நல்லவராக்க முயன்றேன். 'அவர் நாக்கு தழுதழுத்தது' என்று எழுதினேன். தழுதழுக்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தார். பிற்பாடு அவரே சொன்னது.)

4

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. விளக்கில்லாத மைதானம், மதிலுக்கு அப்பால் உப்பனாறு, அதன் வாசனை உட்பட. நடுவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் விசில் ஊதினால் மைதானமே அட்டென்ஷனில் நிற்கும்.

முதல் பாதியில் பதினெட்டுப் புள்ளி பின்தங்கினோம். எங்கள் சக்கரபாணி ஒரு பந்தைத் தடுக்கக் குதித்தார்; இறங்கும்போது பந்து ஏற்கெனவே கூடையில் விழுந்து, கைதட்டலும் ஓய்ந்திருந்தது.

இரண்டாவது பாதியில் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பலராமன் போட ஆரம்பித்தார். ஓரத்திலிருந்து ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, பின்பக்கமாக ஒன்று. பதினெட்டு பத்தாயிற்று, பத்து ஆறாயிற்று. உழவர்கரைப் பையன்களின் முகத்தில் முதல் தடவையாகப் பயம். பன்னிரண்டு வருஷமாகக் கலியபெருமாள் கேட்டுக்கொண்டிருந்தது கண்ணெதிரே நடந்தது.

அவர் கத்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பலராமனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலராமன் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றார். உதடு சாம்பல் பூத்திருந்தது.

"அண்ணே, வெளிய வா!" என்று கத்தினார் கலியபெருமாள். "வந்துடு அண்ணே!"

பலராமன் சிரித்துக் கையசைத்தார். கலியபெருமாள் பன்னிரண்டு வருஷமாக 'வா அண்ணே, வா அண்ணே' என்றுதான் கத்திக்கொண்டிருக்கிறார். வித்தியாசம் எப்படித் தெரியும்?

அப்போது அவர் என் தோளைப் பிடித்தார். "தம்பி, நீ எறங்கு. அவர வெளிய கூப்புடு."

நான் எழுந்தேன். பலராமனின் உதட்டை நானும் பார்த்திருந்தேன். பார்த்ததும் எனக்குள் வந்தது கவலையல்ல. நம்ம முறை வந்துவிட்டது என்ற சந்தோஷம். (இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.) பலராமன் என்னைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கையால் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் மூன்று நிமிஷம். இரண்டே புள்ளி பின்னால். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு வந்தது. கலியபெருமாள் அதை எடுத்தார். திருப்பிக் கொடுப்பார் என்று எல்லாரும் நின்றோம். அவர் ஓடினார். சொல்தா விசில் ஊதினார். கலியபெருமாள் மதில் வரைக்கும் ஓடி, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பந்தை எறிந்தார். அது உப்பனாற்றில் விழுந்தது.

வேறு பந்து இல்லை. ஒரு பையன் சேற்றில் இறங்கி எடுத்து வருவதற்குள் இருட்டிவிட்டது. சொல்தா கடிகாரத்தைப் பார்த்து, "ஃபினி" என்றார், பிரெஞ்சில் முடிந்தது என்று அர்த்தம். முன்னணியில் இருந்த உழவர்கரை ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்.

பலராமன் நேராக வந்து கலியபெருமாளை அறைந்தார். "எவன்கிட்டடா விலை போன?"

கலியபெருமாள் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஐந்து நாளாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

5

இத்துடன் முடித்தால் இலக்கியம். ஆனால் மறுநாள் காலை நான் காலில் சிராய்ப்புக்கு டிங்சர் போட அந்த டாக்டரிடம் போயிருந்தேன் (பெஞ்சில் இடறிய சிராய்ப்பு). அங்கே செல்வாம்பாள் மாத்திரைப் பட்டையோடு வந்தார்.

"சத்து மாத்திரைன்னு சொன்ன. மருந்துக்கடக்காரரு வேற சொல்றாரு."

கலியபெருமாள் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை நாக்கு தழுதழுத்தது. நான் சேர்த்தது அல்ல.

அந்த அம்மாள் அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அவருகிட்ட சொல்லாத," என்றார். "ஒன்னாலதான் தோத்தேன்னு அவரு நெனைச்சுக்கட்டும். தன் ஒடம்பாலன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு பூடுவாரு."

"அண்ணி, ஊரே என்ன–"

"அஞ்சு நாளு மறைச்ச இல்ல? இனிமே ஆயுசுக்கும் மறை."

என் பக்கம் திரும்பினார். "நீயுந்தான்."

பலராமன் ஆட்டத்தைக் கைவிடச் செய்தவரும் அவர்தான். மயிலம் முருகனுக்கு வேண்டுதல் என்றார். பலராமன் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். நான்கு வருஷமாகத் தினம் காலையில் சத்து மாத்திரை சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தக் கம்பவுண்டரு மட்டும் பந்தத் தூக்கினு ஓடலன்னா கப்பு நம்மளுது" என்பார். பக்கத்துப் பெஞ்சில் கலியபெருமாள் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். துரோகி என்பது அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அன்று பலராமன் விழுந்திருப்பாரா, இன்னும் இரண்டு கூடை போட்டு ஜெயித்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. கலியபெருமாளுக்கும் தெரியாது.

6

பெயர்களை மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை, திரும்பவும் இதே பெயர்களைப் போட்டேன். துரோகி என்று ஒரு மனிதரை ஊர் கூப்பிடுவதை நான்கு வருஷம் கேட்டது போதும் என்றுதான் எழுதினேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். வாக்கை மீறி எழுத ஒரு நல்ல கதை கிடைத்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

இந்தப் பத்திரிகை உப்பளத்துக்கு வெள்ளிக்கிழமை வரும். பலராமன் ஞாயிறு காலை சலூனில் முகம் மழிக்கும்போதுதான் அதைப் புரட்டுவார். நடுவே சனிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால், சலூன் மேஜையில் இந்த இதழ் கிடக்கும். இந்த நான்கு பக்கத்தையும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அல்லது முடி வெட்டிக்கொண்டு, தலையைத் தட்டிக்கொண்டு, அதை அங்கேயே விட்டுவிட்டும் வரலாம்.

எதைச் செய்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள்.