நடைபாதையில் ஒரு பந்தயக்காரி

சிட்டு கார்ப் பந்தயம் ஓட்டுகிறவள். வீட்டில் வைத்த பெயர் வேறு; வளைவுகளில் அவள் கார் பறக்கிற பறப்பைப் பார்த்து எல்லோரும் சிட்டு என்றே கூப்பிட்டார்கள். விளையாட்டுச் சங்கத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர விண்ணப்பத்தோடு அன்று போனாள். கூடவே அவள் அக்காவும் போனாள். அக்கா தையல்காரி, தங்கை விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவள்.

சங்கச் செயலாளர் ஒரு காலத்தில் ஓட்டப்பந்தய வீரர். விண்ணப்பத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது விளையாட்டு வீரர்களுக்கான இடம்மா. நீ உட்கார்ந்திருக்கே, இன்ஜின் ஓடுது. இதுல நீ எங்க ஓடுற?"

"குதிரைப் பந்தயக்காரருக்கு உறுப்பினர் கார்டு குடுத்திருக்கீங்களே, அவரு மட்டும் கால்லயா ஓடுறாரு?" என்றாள் அக்கா.

"குதிரைக்கு உயிர் இருக்கும்மா."

"என் தங்கச்சிக்கும் இருக்கு சார்!"

சிட்டு அக்காவின் கையை அழுத்தினாள். "சார், ஒரு பந்தயம் முடிச்சு இறங்குறப்போ ரெண்டு கிலோ குறைஞ்சிருப்பேன். வளைவுல கவசத்தோட என் தலை இருபது கிலோ கனக்கும். கழுத்துதான் தாங்கணும்."

செயலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கருணை அடிப்படையில்னு ஒரு வரி எழுதிக் குடு. பார்க்கலாம்."

பேனாவை நீட்டினார். சிட்டுவுக்குக் காது மடல் வரை சுட்டது. எத்தனை வருட உழைப்பு! அதை ஒரே வரியில் பிச்சையாக்கச் சொல்கிறாரே!

"கருணை வேண்டாம் சார். இடம் வேணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடத்தின் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அக்கா தடித்த கித்தானில் ஒரு தலைப்பட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அதில் எடையைத் தொங்கவிட்டுத் தலையைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள், மறுபடி சாய்த்தாள். காவல்காரர் விரட்டியதும் நடைபாதைக்கு இறங்கினாள்; அது சங்கத்துக்குச் சொந்தமில்லை. மழை பெய்த நாட்களில் அக்கா குடை பிடித்தாள்.

மூன்றாவது வாரம் கூடத்துக்குள்ளிருந்து மல்யுத்த வீராங்கனை ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்தாள். "குடு, நானும் செஞ்சு பார்க்கிறேன்" என்று பட்டையை மாட்டியவள் ஐந்தே நிமிடத்தில் கழற்றிவிட்டாள்.

"என்னடி இது, கழுத்தா, தூணா?"

மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள். அதற்கடுத்த வாரம் கூடத்தில் பாதி காலி. செயலாளர் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். "தெருவுல என்ன கூத்து? எல்லாரும் உள்ள வாங்க."

"இவளும் வரலாமா சார்?" என்றாள் மல்யுத்தக்காரி.

"அவகிட்ட கார்டு இல்லையே."

மல்யுத்தக்காரி உள்ளே போனாள். செயலாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். விட்ட மூச்சை இழுப்பதற்குள் அவள் இரண்டு கைகளிலும் எடைக்கற்களோடு வெளியே வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள் ஆளுக்கொரு பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து பதினோராம் நாள் சிட்டுவுக்குக் கார்டு வந்தது. செயலாளரே எழுத உட்கார்ந்தார். கருணை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"விளையாட்டுங்கிற இடத்துல என்னம்மா எழுதட்டும்?"

"கார் ஓட்டுறதுன்னே எழுதுங்க சார். கொட்டை எழுத்துல."