குடையை மடக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே அனுப்புவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அட்டன் டவுனில், லாபிர் முதலாளியின் துணிக்கடை மாடியில் எங்கள் இளைஞர் உதவி மன்றம் இருந்தது. செயலாளர் இக்னேசியஸ் சேர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பவுலின், அங்க மாலை வகுப்பு ஆரம்பிக்கணும். பிள்ளைங்களயும் சேர்க்கணும், தோட்டத்து மனேஜர் துரைகிட்ட மைதானத்தயும் கேக்கணும். வகுப்பு ஆரம்பிச்சாத்தான் ஒங்க வேலை நெலைக்கும்."

நிலைக்காவிட்டால் மறுபடி கொழுந்து பறிக்கும் கூடைதான். கூடையா, நானா? செத்தாலும் மாட்டேன் என்று கறுவிக்கொண்டே பஸ் ஏறினேன். கையில் மன்றம் கொடுத்த புதுக் குடை.

நான் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கொழுந்தை எடை போட்டு முடித்திருந்தார்கள். மழை விடவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் ரோட்டில் என்னைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் சண்முகவடிவுக்கு எப்போதுமே வாய் நீளம்.

"படிச்சு என்னக்கா பண்றது? துரை இங்கிலீசுல திட்டுனா வெளங்கிக்கிறதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரு முன்னாலயும் கூனிக் குறுகி நிக்க வேணாம்னு சொல்லத்தான்டி வந்திருக்கேன்!"

சிரிப்பு நின்றது. ஒன்றிரண்டு தலைகள் ஆடின. அப்பாடா, சேர்ந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று நினைத்த நேரத்தில்தான் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

துரை வண்டி வந்தால் குடையை மடக்க வேண்டும், சாக்கை இறக்க வேண்டும், மழைத்தண்ணி ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் நடக்கப் பழகும்போதே பழகிக்கொள்வது இது. பிள்ளைகள் மளமளவென்று இறங்கினார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையிலிருந்து வந்துகொண்டிருந்த என் அப்பா பத்திநாதனும் கானுக்குள் இறங்கினார்.

என் விரலும் தானாகவே குடையின் விசைக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகள் யாரும் ஜீப்பைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடக்கினால் இவர்களில் ஒருத்தரும் வரமாட்டார்கள். மடக்காவிட்டால் மைதானம் இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

ஜீப் நின்றது. பின்னாலிருந்து, வேலையாட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை குதித்தார்.

"ஏய், குடைய மடக்கு!"

நான் குடையோடு துரையின் பக்கம் திரும்பினேன். "சலாமுங்க தொர. இளைஞர் மன்றத்துல இருந்து வர்றேன். வகுப்பு நடத்த மைதானம் கேட்டு வந்தேனுங்க."

துரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. குடையையே பார்த்தார்.

திடீரென்று அப்பா கானிலிருந்து ஏறி ஓடிவந்தார். என் கையிலிருந்து குடையைப் பிடுங்கி மடக்கினார். "மன்னிக்கணும் தொர, புள்ளைக்குத் தெரியாதுங்க."

மழை என் தலையில் கொட்டியது. அப்பா அந்த மழையில் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பற்றி எரிந்தது. கோபம் அப்பாமேல் இல்லை.

"தெரியும்ப்பா" என்றேன். குடையை வாங்கித் திரும்ப விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தேன்.

துரை கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். ஜீப் போய்விட்டது. கணக்கப்பிள்ளை போகவில்லை.

"மைதானம் கெடையாது. பத்திநாதா, காலைல பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப வாய்யா, ஒனக்கு வேலை இருக்கா இல்லையான்னு சொல்றேன்."

போச்சு, எல்லாம் போச்சு. என் வேலையோடு அப்பாவின் வேலையும் போகப்போகிறது. "பாவி மகளே, சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் குடையைவிட்டு விலகவில்லை.

கானிலிருந்து முதலில் ஏறியவள் சண்முகவடிவு. கணக்கப்பிள்ளை முறைத்ததை அவள் சட்டை செய்யவில்லை.

"மைதானம் இல்லாட்டிப் போவுது. ஒங்க ஆபீசு எங்கக்கா இருக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா முகத்தைத் துடைத்தார். கணக்கப்பிள்ளையை ஒருதரம் பார்த்தார். பிறகு, அந்த ஆளுக்கும் நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"அட்டன்ல, லாபிர் மொதலாளி துணிக்கட மாடியில. ஞாயித்துக்கெழம வாங்க புள்ளைங்களா, நானே கூட்டிட்டுப் போறேன்."