மருதாணிக்கு அடியில்

ராயபுரத்தில் லாரிச் சரக்குக்குத் தார்ப்பாய் கட்டும் ஜாபருக்கு, புது மருந்தின் சூட்சுமம் டாக்டர் செல்வநாதன் சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிட்டது. பழைய சிவப்பு மருந்து ரத்தத்தில் அப்படியே ஓடி, புற்றுக்கட்டியை அடித்த கையோடு அவன் மனைவி அஜீசுன்னிசாவின் இதயத்தையும் ஒரு அடி அடித்திருந்தது. இப்போது அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளில் அடைத்து அனுப்பப் போகிறார்கள். வழியில் அதிகம் சிந்தாது, கட்டிக்குப் பக்கத்தில் போய்த்தான் கசியும்.

“தார்ப்பாய் போட்ட சரக்கு சார்!” என்றான்.

டாக்டர் சிரித்தார். “அதேதான். ஆனா உள்ளங்கையிலயும் பாதத்துலயும் கொஞ்சம் கசியலாம். சிவந்து எரிஞ்சா உடனே சொல்லணும்.”

சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை ஊசி ஏறியும் அவள் வாந்தி எடுக்கவில்லை. நோன்புக் கஞ்சியைத் தானே நின்று காய்ச்சினாள். மூன்றாவது ஊசிக்கு முன்னால் அவள் உள்ளங்கை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. புது மருந்தைச் சோதனைக்காகத்தானே கொடுக்கிறார்கள், ஒரு சாக்கு கிடைத்தால் அவளைக் கழற்றிவிடுவார்கள் என்று யாரையும் கேட்காமல் ஜாபரே முடிவு கட்டினான்.

“மருதாணி வச்சிக்கோ. பெருநாளு வருது, யாரு கேக்கப்போறா?”

“எரியுதுங்க.”

“அப்ப பழைய மருந்துக்கே போறியா?”

அவள் கையை நீட்டினாள்.

வார்டில் நர்ஸ் வேம்பு அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தாள். “யம்மாடி, இன்னாமா செவந்துகீது! வூட்டுக்காரருக்கு அம்மாம் ஆசையா?” மருதாணி நன்றாகச் சிவந்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்பது ஊரறிந்த கணக்கு. ஜாபர் இளித்தான். ஊசி ஏறியது.

பெருநாளன்று உள்ளங்கை கொப்புளித்து, வெங்காயச் சருகாட்டம் தோல் உரிந்தது. புதுச் சேலையின் கொசுவத்தைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மஹீன் வந்து கட்டிவிட்டாள். ஜாபர் வாசலில் தலைகுனிந்து நின்றான். பெருநாள் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நின்றவரைக் கட்டித் தழுவக்கூட அவனுக்குக் கூசியது.

“முன்னாடியே சிவந்திருக்குமே, ஏன் சொல்லல?” என்றார் டாக்டர், மறுநாள் ஆஸ்பத்திரியில்.

ஜாபர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “எம்மேலதான் தப்பு சார். பெருநாளு ஆசைல மருதாணி வச்சிகினேன். உள்ள செவந்தது தெரியல.”

“சொல்லியிருந்தா கை ஆறுற வரைக்கும் தள்ளிப்போட்டு, அளவைக் குறைச்சுக் குடுத்திருப்பேன். அவ்ளோதாம்மா. அதுக்காக யாரும் மருந்தை நிறுத்தமாட்டோம்.”

அந்த ‘அவ்ளோதான்’ ஜாபருக்குச் செருப்படியாக விழுந்தது. அப்போதும் அவன் உண்மையைச் சொல்லவில்லை. பொண்டாட்டி பின்னால் ஒளிந்துகொண்ட ஆம்பளை என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, இட்லியைப் பிட்டு அவளுக்கு ஊட்டினான். அந்தப் பக்கம் வந்த வேம்பு நின்றாள். “அன்னிக்கே சொன்னேன்ல? மருதாணி பொய் சொல்லாதுமா!”

ஜாபரின் கை நின்றது.

“நான்தான் வைக்கச் சொன்னேன், சிஸ்டர். செவந்தது தெரிஞ்சேதான் சொன்னேன். எரியுதுன்னா. நான் கேக்கல.”

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைப் பொத்த அஜீசுன்னிசா கையைக் கொண்டுவந்தாள். மீசை பட்ட எரிச்சலில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.