அடிவயிற்றில் தைத்த கை

ஜகீர் சிங்குக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை முள்ளாய்க் குத்தியது. குத்தாமல் என்ன செய்யும்? வலது கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். மாட்டுத்தீனி வெட்டும் மிஷின், கட்டைவிரல் சதையை எலும்பு தெரிய வழித்துவிட்டது. லூதியானா டாக்டர் அடிவயிற்றுத் தோலை ஒரு பக்கம் அறுக்காமல் உரித்து, விரலில் போர்த்தித் தைத்திருந்தார். விரலோடு அது ஒட்டும்வரை வயிற்று ரத்தத்தில்தான் பிழைக்க வேண்டும்.

"மூணு வாரம் கையை இழுக்கக் கூடாது. இழுத்தா தோல் செத்துடும், விரலும் போயிடும்" என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்.

இன்றைக்குப் பார்த்து சம்பந்தி வருகிறார்.

"தலைப்பாகையைச் சரி பண்ணுடி. வந்துட்டாரா பாரு."

"எத்தனை வாட்டி பார்க்கிறது? ஜன்னல் வழியாவா குதிக்கப் போறாரு?" என்றாள் மனைவி பச்சிந்த் கௌர்.

"பொண்ணைக் கொடுக்கிறவன் கை கூப்பாம உட்கார்ந்திருந்தா, திமிருன்னு நினைக்க மாட்டாரா?"

"நினைச்சுட்டுப் போகட்டும். விரல் போனா அவரா வந்து உங்க டிராக்டரை ஓட்டுவாரு?"

சம்பந்தி உஜாகர் சிங் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ எழுந்து நிற்கவில்லை என்று பந்தியை விட்டே போனவர். அதை நினைக்க நினைக்க ஜகீருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாசலில் அந்த வெள்ளைத் தாடி தெரிந்ததுதான் தாமதம். பழகின கை புத்தியைக் கேட்டா எழும்பும்? இரண்டு கையும் ஒன்றாய் எழும்பின.

"ஐயோ!" பச்சிந்த் பாய்ந்து முழங்கையை அமுக்கினாள். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது.

நர்ஸ் ஓடிவந்து கட்டைப் பிரித்து, விரலில் தைத்த தோலை அழுத்தினாள். அது வெளுத்தது. பாழாய்ப்போன நிறம் திரும்புவேனா என்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மெல்ல மெல்லச் சிவந்தது.

"ஒரு தையல்தான் விட்டிருக்கு. தோல் உயிரோடதான் இருக்கு" என்று திட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ஜகீருக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. கை கூப்ப முடியல."

"யோவ், உன் பொண்ணைத்தானே கேட்டேன்? கட்டைவிரலையா கேட்டேன்?" உஜாகர் சிங் கட்டிலை நெருங்கினார். ஜகீரின் இடது உள்ளங்கையைத் தூக்கி, தன் வலது உள்ளங்கையை அதோடு சேர்த்துவைத்தார்.

"சத் ஸ்ரீ அகால், சம்பந்தி" என்று வணக்கம் சொல்லி, பையனைப் பெற்றவர் முதலில் தலை குனிந்தார்.