ஐந்து ஓட்டும் ஒரு குளியலறையும்

அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பேராசிரியைக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டுரையில் எந்த வரியைப் பார்த்தாலும் "இதுக்கு ஆதாரம் எங்கே? அடிக்குறிப்பு எங்கே?" என்பார். யாராவது "மேடம், எனக்குக் காய்ச்சல்" என்றாலும் அதே கேள்விதான்.

போன பருவத்தில் பாதி வகுப்பு ஒரே கட்டுரையை எழுதிக் கொடுத்திருந்தது. எழுத்துப் பிழைகூட ஒன்றே. இரண்டாம் பக்கத்தின் நடுவில் 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்ற வரியையும் எல்லோரும் பேனாவாலேயே அழகாக எழுதியிருந்தார்கள். ஒருவன் அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தான்.

அதனால் இந்த முறை பேராசிரியை உஷாராகிவிட்டார். "உங்களுக்கு உள்ளேர்ந்து தெரிஞ்ச ஒரு அமைப்பை எடுத்துக்குங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. அங்க யார் முடிவெடுக்கறாங்க? மத்தவங்க ஏன் அதைக் கேக்கறாங்க? நேர்ல பேசி எழுதணும். இன்டர்நெட்ல தேடினா கிடைக்காத விஷயமா இருக்கணும்."

வகுப்பில் ஒருத்தி விடுதிச் சமையலறையை எடுத்துக்கொண்டாள். ஒருவன் தன் கால்பந்து அணியை எடுத்துக்கொண்டான். கீச்சிக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. குரல் கீச்சென்று இருப்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. கல்லூரிக்கும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, தோளில் துண்டோடு குளியலறைக்கு வெளியே கால் மாற்றி நின்றுகொண்டிருந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. உள்ளே அப்பா பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து அண்ணன். அண்ணனுக்கு அடுத்து அத்தை. அதற்குப் பிறகுதான் அவள். இந்த வரிசையை யார் போட்டது? எப்போது போட்டது? ஏன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம்?

அன்றைக்கே பேட்டியை ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "நான்தானேம்மா முதல்ல எந்திரிக்கிறேன்?"

"நான் எந்திரிச்சு, காபி குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்ச பிறகு நீ எந்திரிக்கிற" என்றாள் அத்தை அடுத்த அறையிலிருந்து. அத்தை அப்பாவுக்கு அக்கா, மருந்துக் கடையில் காசாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவைப்படவில்லை என்பாள்.

அண்ணன் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய கொள்கை சுருக்கமானது. "வேலைக்குப் போறவங்க முதல்ல குளிக்கணும்."

"அப்ப நான் மருந்துக் கடைக்கு வேடிக்கை பாக்கவா போறேன்?" என்றாள் அத்தை.

இப்படித்தான் பற்றிக்கொண்டது. மூன்று நாளில் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் சத்தமில்லாமல் ஓடிய வண்டியை, எப்படி ஓடுகிறது என்று கேட்டே நிறுத்திவிட்டாள் கீச்சி.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே தீர்வு சொன்னார். "நம்ம வீட்ல எப்பவும் ஜனநாயகம்தான். முதல்ல குளிக்கறது யாருன்னு ஓட்டுப் போட்டுடுவோம். ரகசிய ஓட்டு. கீச்சிதான் தேர்தல் கமிஷன்." சொல்லும்போதே அவர் முகத்தில் ஜெயித்த களை வந்துவிட்டது. தன் ஓட்டு ஒன்று, மனைவி ஓட்டு ஒன்று, செல்ல மகள் ஓட்டு ஒன்று, ஐந்தில் மூன்று. கணக்கு சரியாக இருந்தது.

பழைய கண்ணாடிக் கூடு ஒன்று ஓட்டுப்பெட்டி ஆனது. ஐந்து பேரும் சீட்டு எழுதி மடித்துப் போட்டார்கள். கீச்சி ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள்.

"நான்."

"யாரு நீயா?" என்றான் அண்ணன்.

"சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. அடுத்தது... நான்."

மூன்றாவதும் 'நான்'. நான்காவதும் 'நான்'. ஐந்தாவதைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

யாருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்பது இதைவிட வெட்டவெளிச்சமாகத் தெரிந்த ரகசிய வாக்கெடுப்பு இருந்திருக்க முடியாது. அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீகூடவா?" என்றார்.

"அந்தத் துண்டை இப்படிக் கொடுங்க" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுதேர்தல் என்று கமிஷன் அறிவித்தது. 'நான்' செல்லாது, உறவுமுறையைத் தெளிவாக எழுத வேண்டும். அதுவரை பிரசாரம் அனல் பறந்தது. அப்பா அத்தைக்குப் புது பிரேம் போட்ட கண்ணாடி கொண்டுவந்தார். கமிஷனுக்கும் ஒரு கூலிங்கிளாஸ் வந்தது. கமிஷன் வாங்கி மாட்டிக்கொண்டது. அத்தை கண்ணாடியை வாங்கிக்கொண்டு, அதைப் போட்டபடியே அண்ணனிடம் போய்ப் பேரம் பேசினாள். தான் ஆட்சிக்கு வந்தால் ஒருவருக்குப் பத்தே நிமிடம், அப்பா உட்பட. அண்ணன் விழுந்துவிட்டான். கீச்சியும் விழுந்தாள். அப்பா பாடி முடிப்பதற்குள் முதல் வகுப்பு முடிந்துபோன நாட்கள் உண்டு.

முடிவு வந்தது. அத்தைக்கு மூன்று. அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அத்தை வெற்றி உரைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

அத்தையின் ஆட்சி மறுநாள் காலையில் தொடங்கி, காலை முழுவதும் நடந்தது. மற்றவர்களுக்குத்தான் பத்து நிமிடம், அவளுக்கு இல்லை. "சட்டம் போடறவளுக்கே சட்டமா?" என்றாள். வாளி எந்த மூலையில் இருக்க வேண்டும், சோப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. நேரம் முடிந்தால் கதவை மருந்துக் கடைச் சாவிக்கொத்தால் தட்டினாள். தலையில் நுரையோடு வெளியே வந்த அண்ணன், தான் போட்ட ஓட்டை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அப்பா வேறு வழிக்குப் போனார். இந்த ஆட்சியை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டுக் குளிக்காமலே கடைக்குப் போனார். அவர் தொழிலோ வாடிக்கையாளரின் மூக்கருகே மூக்கை வைத்துச் செய்கிற தொழில். முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெரியவர், "கொஞ்சம் தள்ளி நின்னே பாருங்க, எனக்குத் தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இதையெல்லாம் கீச்சி எழுதி, முதல் வரைவைப் பேராசிரியையிடம் கொடுத்தாள். பாரம்பரியத்தால் வரும் அதிகாரம், தேர்தலால் வரும் அதிகாரம், வென்றவர் கொடுங்கோலராவது, தோற்றவர் ஒத்துழைக்க மறுப்பது, எல்லாம் அதில் இருந்தன. 'வரிசையின் கடைசியில் நிற்பவள் ஆய்வாளரே' என்று உருக்கமாக முடித்திருந்தாள்.

வரைவு திரும்பி வந்தபோது அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'உன் அம்மா குளிப்பதே இல்லையா?'

கீச்சி அதை இரண்டு முறை படித்தாள். அம்மா எப்போது குளிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வயது வரை அது அவள் மண்டையில் ஏறவே இல்லை. நாலு பேரிடம் பேட்டி எடுத்தவள், அதில் தன்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டவள், ஐந்தாவது ஆளை மறந்துபோயிருந்தாள். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

அம்மாவுக்கு அங்கே அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, மைக், சுழலாத மின்விசிறி. மைக்கின் அடிப்பாகத்தில் ஒரு பொத்தான். அது அமுங்கியிருந்தால் நிலையம் முழுக்கக் கேட்கும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மருத்துவமனை வழியாகச் செல்லும் பதினேழாம் எண் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லி முடித்து, அம்மா பொத்தானை விட்டாள். "என்னடி இந்த நேரத்துல? காலேஜ் இல்லையா?"

"உன்னைப் பேட்டி எடுக்கணும்மா." கீச்சி பையைப் பொத்தென்று மேசைமேல் போட்டாள். பை சரிந்து மைக்கின் பொத்தான்மேல் சாய்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?"

"ரெண்டு தடவையும் நீ உனக்கேதான் ஓட்டுப் போட்டியா? உனக்கு முதல்ல குளிக்கணுமா?"

"முதல்லயோ முப்பதாவதோ, எனக்கென்ன வந்துச்சு? காய்ஞ்ச தரையில கால் வைக்கணும். அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அடுத்தவங்க கொட்டின தண்ணியிலதான் நின்னு குளிக்கறேன். முதல்ல ரெண்டு பேர் தண்ணி. அப்புறம் நான் பெத்தது ரெண்டும் வளந்து, இப்ப நாலு பேர் தண்ணி. சோப்பை எடுத்தா அதுல உங்கண்ணன் முடி. துணி போடற கம்பியில உங்கத்தை துண்டு, உங்கப்பா துண்டு, உன் துண்டு. என் துண்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் குளிக்கறேன்டி!"

வெளியே நிலையம் திடீரென்று அமைதியாகியிருந்தது. மலைப்பாதை வண்டியின் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எங்கேர்ந்து சொல்றது? அவர் பாட்டை நிறுத்தினாத்தானே. அதுவும் என்ன பாட்டு? ஒரே பாட்டு. அதுலயும் முதல் ரெண்டு வரிதான் தெரியும். அந்த ரெண்டு வரியை வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம்!"

எதிர்ப்புறக் கடையில் அப்பா ஒரு வாடிக்கையாளருக்குச் சோதனைக் கண்ணாடி மாட்டி, வலது கண்ணுக்கு மட்டும் லென்ஸ் போட்டிருந்தார். இடது கண்ணுக்கான லென்ஸ் விரல்களுக்கிடையே அப்படியே நின்றது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கேட்ட குரல், ஆறு ஒலிபெருக்கிகளில் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தது.

"யாரு அந்த மனுஷன்?" என்றார் வாடிக்கையாளர், ஒற்றைக் கண்ணால் சிரித்துக்கொண்டே.

அப்பா சாலையைக் கடந்து ஓடினார். முன்பணம் கொடுத்துவிட்ட அந்த மனிதர், சோதனைக் கண்ணாடியைக் கழற்றத் தெரியாமல் பின்னாலேயே ஓடினார்.

அதற்குள் ஒரு நடத்துநர் அறையின் கண்ணாடியைத் தட்டி, மைக்கைக் காட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா பையைப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் முகங்களைப் பார்த்தாள். பெண்கள் வரிசையிலிருந்து யாரோ கைதட்ட, நிலையமே கைதட்டியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மலைப்பாதை வழியாகச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர், வேடிக்கை பார்த்தது போதும், வண்டியை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

அப்பா மூச்சிரைக்க உள்ளே வந்தபோது அவர் சொல்ல நினைத்ததெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. "அந்தப் பாட்டு... உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்" என்றார்.

"பிடிக்கும். ரெண்டு நிமிஷம் பிடிக்கும்" என்றாள் அம்மா. "குளிக்காம இவ்வளவு கிட்ட வராதீங்க."

நிலைய அதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார். 'ஒலிபெருக்கிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கப்பட்டது. செய்கின்றன' என்று அம்மா எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அண்ணனின் கடைக்கு வந்த மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றிலும் அவனுடைய முடி இருந்தது. அத்தை வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்ல வந்தேன் அண்ணி. நீங்க உள்ள இருந்தீங்க."

அத்தை அந்த இடத்திலேயே பதவி விலகினாள். தன் துண்டைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் போட்டாள். கண்ணாடியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அம்மா முதலில் போனாள். வெளியே நாலு பேரும் துண்டோடு நின்றார்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகு, தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அம்மா தரையைத் துடைத்துவிட்டே வந்திருந்தாள். அடுத்து உள்ளே போன அத்தை, காய்ந்த தரையில் கால் வைத்ததும் "அட!" என்றது வெளியே கேட்டது. பிறகு அவளும் துடைக்காமல் வர முடியவில்லை. அவளுக்குப் பின் வந்தவர்களுக்கும் அதே கதிதான். அப்பா நீளப் பிடி வைத்த புதுத் துடைப்பான் வாங்கி வந்தார்.

கட்டுரைக்கு இருபதுக்குப் பதினாறு கிடைத்தது. "தேர்தல் கமிஷனே ஓட்டுப் போட்டதுக்கு ரெண்டு மார்க் குறைச்சேன். கூலிங்கிளாஸுக்கு ரெண்டு" என்றார் பேராசிரியை. கொஞ்சம் தயங்கி, "உங்க அம்மா எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வருவாங்க?" என்று கேட்டார். "சும்மாதான். குரலை ஒரு தடவை கேக்கலாம்னு."

அதற்குப் பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு விடுப்பு. விடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு முன்னால் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அத்தை சாவிக்கொத்தை உருட்டினாள். அப்பா படுக்கையறைக் கதவுவரை போய், தட்டாமல் திரும்பி வந்தார். கடைசியில் கீச்சிதான் எட்டிப் பார்த்தாள்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எனக்கு இன்னிக்கு லீவுடி. மத்தியானம் குளிச்சுக்கறேன். நீங்க போய்க் குளிங்களேன்."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நாலு பேரும் குளியலறைக் கதவருகே ஓடியிருந்தார்கள். அப்பாவின் தோள் கதவு நிலையின் ஒரு பக்கம் இடித்தது, அண்ணனின் தோள் மறுபக்கம். நடுவில் அத்தை புகுந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.